கழித்துப் போட்ட கல்லில் ஊர்ச்சாலை

சிமெண்ட் சாலைக்கு எஸ்டிமேட் எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒன்றியப் பொறியாளர்களே, பணி மேற்பார்வையாளர்களே,



கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஊர்த் தெருக்களுக்குச் சிமெண்ட் சாலை போடுகிறவர்கள் நீங்கள். எஸ்டிமேட் எழுதுவதும், கலவை கொட்டும்போது பக்கத்தில் நிற்பதும், எம்-புக்கில் அளவு ஏற்றிக் கையெழுத்திடுவதும் நீங்கள்தான். அமைச்சருக்கும் ஆட்சியருக்கும் எழுதாமல் இந்த மடலை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஒரு தெருவில் எந்த மலையின் கல் கிடக்கப்போகிறது என்பதை, பொருள் வரும் தொலைவைக் காட்ட நீங்கள் தயாரிக்கும் லீட் ஸ்டேட்மெண்டில் எந்தக் குவாரியின் பெயர் ஏறுகிறது என்பதே முடிவு செய்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். பர்கூர், ஜெகதேவி, சூளகிரிப் பக்கங்களில் கிரானைட் குவாரிகளின் ஓரம் குன்றுபோல் குவிந்து கிடக்கும் கழிவுக் கல்லை உடைத்து, அந்தந்தக் குவாரிக்கு அருகிலுள்ள ஊர்களின் கான்கிரீட் சாலைக்கு ஜல்லியாகப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லவில்லை, சோதித்துப் போடுங்கள். பல ஆண்டுகள் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் கல்லோடும் கலவையோடும் இருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அந்தக் கல் ஏன் அங்கே கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அலங்காரக் கல்லாக ஏற்றுமதியாகும் பிளாக்கை வாங்குகிறவர்கள் நிறத்தையும் ஓட்டத்தையும் பார்த்து வாங்குகிறார்கள். ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடினால், ஓர் இடத்தில் கறுப்புத் திட்டு விழுந்தால், மயிரிழை விரிசல் தெரிந்தால், அளவு ஒரு முழம் குறைந்தால் பிளாக் தள்ளுபடி. கிருஷ்ணகிரிக் கல்லில் பேர்போன பாரடைசோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அலை அலையாய் ஓடும் அதன் வரி ஒரே சீராக இருந்தால்தான் விலை போகும். குவாரியில் வெட்டி எடுப்பதில் பெரும்பகுதி இப்படி விலை போகாமல் ஓரத்தில் தள்ளப்படுகிறது. அது அழகில் தோற்ற கல். அதன் வலுவை அங்கே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதே குன்றின் மறுபக்கம், சாலை ஜல்லிக்கென்று வெடி வைத்து இன்னொரு குவாரி தோண்டுகிறார்கள். அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஓரிடத்தில் கல் வேண்டாம் என்று கொட்டுகிறோம், கூப்பிடு தூரத்தில் கல் வேண்டும் என்று மலையைப் பிளக்கிறோம்.

ஒரு சாலை எவ்வளவு கல் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். 3 மீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் கனம், 1 கிலோமீட்டர் நீளம். 450 கன மீட்டர் கான்கிரீட். அதில் ஜல்லி மட்டும் ஏறக்குறைய 500 டன், மணல் 300 டன் போல. ஒரு சாதாரண ஊர்ச்சாலைக்கே இந்தக் கணக்கு. ஓர் ஒன்றியம் ஓராண்டில் போடும் எல்லாத் தெருக்களையும் சேர்த்தால் ஒரு சிறு குன்றே கரைந்துவிடும். எந்தக் குன்று கரைய வேண்டும் என்பதுதான் கேள்வி.

"விதியில் இடமிருக்கிறதா?" என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும், தணிக்கையில் பதில் சொல்லப்போவது நீங்கள்தானே. இங்கே பரவலாக ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 என்ற விதிநூல் 2016-இல் திருத்தப்பட்டது. அதுவரை இயற்கையில் கிடைக்கும் ஜல்லி, மணலைப் பற்றி மட்டுமே பேசிய அந்நூல், அப்போதுதான் இடிபாட்டுக் கான்கிரீட், இரும்பாலைக் கசடு போன்றவற்றுக்கும் கதவைத் திறந்தது. இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுக்கும் ஜல்லிக்கு வரம்பும் வைத்தது: கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு, கம்பியுள்ளதில் 20 விழுக்காடு, அதுவும் எம்-25 தரம் வரைதான். இந்த வரம்பைக் கேள்விப்பட்டவர்கள் குவாரிக் கழிவுக்கும் அதுவே பொருந்தும் என்று எண்ணிப் பின்வாங்குகிறார்கள். பொருந்தாது. குவாரி ஓரத்தில் கிடப்பது ஒருமுறைகூடச் சிமெண்ட் படாத பாறை. அதை உடைத்தால் வருவது உடைத்த இயற்கைக் கல். நீங்கள் எஸ்டிமேட்டில் எழுதும் "20 மி.மீ. கருங்கல் ஜல்லி" எந்தச் சோதனைகளில் தேற வேண்டுமோ அதே சோதனைகளில் இதுவும் தேறினால் போதும். 100 விழுக்காடு போடலாம்.

அந்தச் சோதனைகள் கடினமானவையும் அல்ல. சாலையின் மேற்பரப்பாக அமையும் கான்கிரீட்டுக்கு மோதல் மதிப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, லாஸ் ஏஞ்சலஸ் உருளையில் தேய்மானம் 30-ஐத் தாண்டக் கூடாது, தட்டையும் நீட்டமும் சேர்ந்த குறியீடு 40-ஐத் தாண்டக் கூடாது. மக்காத பாறையாக இருந்தால் நம் வட்டாரத்துக் கல் முதல் இரண்டிலும் சிரமப்படாது. மூன்றாவதில்தான் கவனம் வேண்டும்.

ஏனென்றால் கழிவுக் கல் எல்லாம் ஒரே கல் அல்ல. குவாரியில் தள்ளிய பெரும்பாறை ஒன்று. மேல்மண்ணை ஒட்டி வரும் மக்கிய கல் இன்னொன்று. பாலிஷ் பட்டறையில் ஓரம் வெட்டிப் போடும் ஸ்லாப் துண்டு மூன்றாவது. கல் அறுக்கும்போது தண்ணீரோடு ஓடும் சேறு நான்காவது. நான்கையும் ஒரே டிப்பரில் ஏற்றிவந்து "கழிவுக் கல் ஜல்லி" என்று ஒப்பந்ததாரர் கொட்டினால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

பெரும்பாறைதான் நமக்கு வேண்டியது. கிரஷரில் உடைத்தால் நாலு பக்கமும் முகமுள்ள நல்ல ஜல்லியாக விழும். மக்கிய கல்லைக் கண்ணாலேயே பிரிக்கலாம். பழுப்பேறி இருக்கும், சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்கும், உடைத்த முகத்தில் வெள்ளைக் களி விரலில் ஒட்டும். அதில் ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறத் தொடங்கிவிட்டது. சாலைக்கு ஆகாது. குவாரியிலேயே கழித்துவிட வேண்டும், கிரஷருக்கு வந்தபின் யாராலும் பிரிக்க முடியாது.

ஸ்லாப் துண்டில் ஆசைப்படாதீர்கள். 20 மில்லிமீட்டர் கனத்துப் பலகையை உடைத்தால் தட்டைத் தட்டையாகத்தான் வரும். ஒரு முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருப்பதால் சிமெண்ட் பால் அதில் பிடிக்காது. சில பலகைகளின் முதுகில் விரிசல் தாங்கவென்று ரெசினும் கண்ணாடியிழை வலையும் ஒட்டியிருப்பார்கள். அது கான்கிரீட்டுக்குள் போகவே கூடாது. இத்துண்டுகளை வேலிச் சுவருக்கோ வாய்க்கால் கரைக்கோ தளம் பாவவோ தந்துவிடலாம்.

அடுத்து கல் சேறு. இதைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரைகள் அதிகம். ஜெய்ப்பூர் மாளவியா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் கிரானைட் அறுப்புத் தூளை மணலுக்குப் பதிலாகப் போட்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மணலில் கால் பங்கு அளவுக்குப் பதிலாகப் போட்ட கலவைகள் அங்கே நன்றாகவே நின்றன. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அந்தத் தூளைக் காயவைத்து, கட்டி உடைத்து, சலித்து, தேவையான நெகிழ்வூட்டி சேர்த்துப் போடுகிறார்கள். நம் ஊர்ச் சாலையோரத்தில் அது அழுத்திப் பிழிந்த ஈர வில்லையாக வந்து இறங்கும். மிக்ஸரில் போட்டால் உருண்டை உருண்டையாகவே சுற்றும். காய்ந்த சாலையில் அந்த உருண்டை இருந்த இடம் முதல் மழையிலேயே குழியாகும். தூள் கூடினால் கலவை தண்ணீர் கேட்கும், மேஸ்திரி ஒரு குடம் கூடுதலாக ஊற்றுவார், வலு இறங்கும். மேலும் கிரானைட் தூள் சிமெண்டுக்கு மாற்றாகாது. அதன் சிலிக்கா படிகமாக இறுகிப்போன சிலிக்கா. நிலக்கரிச் சாம்பல் போலச் சுண்ணாம்போடு வினைபுரிந்து பசையாகாது, இடுக்கை நிரப்ப மட்டுமே செய்யும். சிமெண்டைக் குறைத்து இதைப் போடலாம் என்று யாராவது கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள்.

விதியும் ஒரு கோடு போட்டிருக்கிறது. உடைத்த கல் மணலில் 75 மைக்ரானுக்கும் கீழான தூள் 15 விழுக்காடு வரைதான் இருக்கலாம். உங்களுக்கு வரும் எம்-சாண்டிலேயே 10, 12 விழுக்காடு தூள் இருந்தால் சேறு சேர்க்க இடமே இல்லை. சட்டத்தில் இறுகிய எஃகுப் பட்டைகள் எஃகு மணியையும் சுண்ணாம்பையும் அரைத்து அறுக்கும் பழைய கேங்-சா பட்டறையின் சேற்றில் இரும்புத் துகள் கலந்திருக்கும். சாலையில் துருக் கறை விடும். வைரக் கம்பியால் அறுக்கும் பட்டறையின் சேறு அதைவிடச் சுத்தம். இத்தனையும் பார்த்தபின் என் கருத்து: கல் சேற்றை இப்போதைக்கு ஊர்ச்சாலை வேலையிடத்துக்குக் கொண்டுவராதீர்கள். கூரையும் காயவைக்கும் இடமும் எடை போடும் வசதியும் உள்ள பேவர் பிளாக் ஆலைகளுக்கு அது போகட்டும். அதற்காக அதை மறந்துவிடவும் கூடாது. சேறு காய்ந்தால் மாவாகப் பறந்து மாந்தோப்பின் இலைமேல் படிகிறது, மண்ணின் துளையை அடைத்து மழைநீர் இறங்க விடுவதில்லை. ராஜஸ்தானின் கிஷன்கட்டில் சலவைக்கல் சேறு கொட்டிக் கொட்டி வெள்ளை மலைகளாகி, அங்கே போய் மக்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். நம் மாவட்டம் அந்தப் பெயரை எடுக்க வேண்டாம்.

ஜல்லிக்கு வருகிறேன். நம் பகுதியில் நரம்புபோல் ஓடும் டோலரைட் பாறையிலிருந்து கறுப்புக் கல் வெட்டுகிறார்கள். அதன் கழிவு சாலைக்குத் தங்கம் என்பேன். வெறும் உறுதிக்காக மட்டும் சொல்லவில்லை. கான்கிரீட் சாலை தினமும் வளைந்து நிமிர்கிறது. பகலில் மேற்பரப்பு சூடேறி விரிகிறது, அடிப்பரப்பு குளிர்ந்தே கிடக்கிறது. இரவில் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து சுருங்க, வெயிலில் காயும் அப்பளத்தின் விளிம்புபோல் பலகையின் ஓரம் மேலெழப் பார்க்கிறது. அந்த நேரத்தில் ஓரத்தில் கரும்பு லாரி ஏறினால் மூலை உடைகிறது. குவார்ட்ஸ் மிகுந்த கல் சூட்டில் அதிகம் விரியும், டோலரைட் அதைவிடக் குறைவாக விரியும். ஜல்லி குறைவாக விரிந்தால் பலகையும் குறைவாக வளையும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கறுப்புக் கல் கிரானைட்டைவிடக் கனமானது. ஒரே கலவைக்கணக்கை இரண்டுக்கும் போட்டால் அளவு தப்பும். பெட்டிக் கணக்கை விட்டு எடைக் கணக்குக்கு வந்துவிடுங்கள், ஒவ்வொரு கல்லுக்கும் அடர்த்தி எடுத்துக் கலவையைத் தனியே வடிவமையுங்கள்.

நைஸ், மிக்மடைட் வகைக் கற்களில் வேறொரு கவனம் வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்தில் நசுங்கிய குவார்ட்ஸ் சில இடங்களில் சிமெண்டின் காரத்தோடு மெல்ல மெல்ல வினைபுரியும். ஆண்டுகள் கழித்துக் கான்கிரீட் உள்ளிருந்து உப்பி, வலைபோல் வெடிக்கும். ஒடிசாவின் ஹிராகுட் அணையும் உத்தரப் பிரதேசத்தின் ரிஹந்த் அணையும் இந்நோய் கண்டவை. மழையில் நனையும் சாலைக்கும் வரலாம். ஆகவே ஒரு குவாரியின் கழிவை முதன்முறை எடுக்கும்போது கார வினைச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் அந்தக் குவாரியின் எல்லாச் சாலைக்கும் அது பயன்படும். நல்ல வேளையாக மருந்தும் கையிலேயே இருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் இந்த வினையை அடக்கும். நீங்கள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தானே.

இன்னொரு வேண்டுகோள், கழிவுக் கல் போட்டாலும் போடாவிட்டாலும். சாலை நசுங்கிச் சாவதில்லை, வளைந்து உடைகிறது. ஆனால் நாம் கியூப் மட்டுமே வார்த்து நசுக்கிப் பார்க்கிறோம். ஊர்ச்சாலைக்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி நூலான எஸ்.பி. 62 எம்-30 கான்கிரீட் கேட்கிறது. வளைவு வலுவில் அது 3.8 மெகாபாஸ்கல் அளவுக்கு வரும். அதைப் பார்க்க 150 மில்லிமீட்டர் சதுரமும் 700 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பீம் வார்க்க வேண்டும். ஒவ்வொரு சாலைக்கும் சில பீம்களாவது வார்த்துப் பாருங்கள். ஜல்லியின் முகம் சிமெண்டைப் பிடித்திருக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லக்கூடியது பீம்தான்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கழிவுக் கல் போட்ட முதல் சாலை வெடித்தால் பழி முழுதும் கல்லின் தலையில் விழும். உண்மையில் அந்த வெடிப்பு மதிய வெயிலில் கலவை கொட்டியதால் வந்திருக்கும், 14 நாள் ஈரச் சாக்கு போடாததால் வந்திருக்கும், இணைப்பு வெட்டு போட மறுநாள் மாலைவரை மெஷின் வராததால் வந்திருக்கும். அப்புறம் பத்தாண்டுக்கு யாரும் அந்தக் கல்லைத் தொட மாட்டார்கள். ஆகவே முதல் சாலையை உங்கள் கையிலுள்ள நல்ல மேஸ்திரியிடம் கொடுங்கள். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியுங்கள். உடைத்த கல்லில் தூள் சற்றுக் கூடுதலாக இருந்தால் மேலே நீர் கசிவது குறையும், சித்திரை வெயிலில் மேற்பரப்பு சட்டென்று காய்ந்து நகக்கீறல்போல் வெடிக்கும். தேய்த்து முடித்த கையோடு மூடிவிடுங்கள். வெட்டு 4 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை இருக்கட்டும்.

வெட்டும்போது தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். உலர வெட்டினால் பறக்கும் வெண்தூசி சிலிக்கா. அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. குவாரியிலும் கிரஷரிலும் பாலிஷ் பட்டறையிலும் நாற்பது வயதில் மூச்சு வாங்கும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தெளிப்பான் ஓடாத கிரஷரின் ஜல்லியை, அது கழிவுக் கல்லிலிருந்து வந்ததானாலும், ஏற்காதீர்கள். ஒரு கழிவைக் குறைக்கப்போய் ஒரு மனிதனின் மூச்சைக் குறைக்கலாகாது.

செலவுக் கணக்கையும் நேராகச் சொல்கிறேன். தள்ளிக் கிடக்கும் பாறைகள் வீட்டளவு இருக்கும். கிரஷர் வாய்க்குள் போகுமுன் பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும், அதற்கு வாடகை உண்டு. வெடி வைத்த குவாரியில் இந்தச் செலவு குறைவு. ஏற்றிவர அரசுக்குச் சீனியரேஜ் கட்டணமும் நடைச்சீட்டும் வேண்டும், கழிவு என்பதால் சும்மா விட மாட்டார்கள். ஆகவே தொலைவிலிருந்து கழிவைக் கொண்டுவந்தால் லாபமில்லை. குவாரி, கிரஷர், சாலை மூன்றும் ஒரே சுற்றுவட்டத்தில் இருந்தால்தான் லீட் குறைந்து கணக்கு கட்டும். அப்படி மூன்றும் பக்கத்தில் இருக்கும் ஊர்கள் நம் மாவட்டங்களில் நிறைய. லாரி ஓடி ஓடி உடைந்த சாலையும் அந்த ஊர்களில்தான், கழிவு மலை கொல்லைப்புறத்தில் நிற்பதும் அந்த ஊர்களில்தான். புவியியல் மற்றும் சுரங்கத் துறையோடு பேசி, எந்தக் குவியலை எடுக்க அனுமதி கிடைக்கும் என்று ஒன்றியவாரியாக ஒரு பட்டியல் வாங்கி வையுங்கள். அந்தப் பட்டியல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இதெல்லாம் மேலிடத்திலிருந்து வந்தால்தான் நடக்கும் என்று தோன்றலாம். ஆனால் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பையை உருக்கிச் சூடான ஜல்லிமேல் பூசித் தார்ச்சாலை போட்டுக் காட்டியபோது, அதற்கு எந்தக் கட்டண அட்டவணையிலும் இடம் கிடையாது. சாலை முதலில் வந்தது, அட்டவணை பின்னால் வந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எம்-சாண்டையும் ஒரு காலத்தில் "தூசி" என்று ஒதுக்கியவர்கள் நாம். 2023-இல் அரசு அதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. இரண்டிலும் யாரோ ஒரு பொறியாளர் முதல் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு தெரு. அடுத்து வரும் பணிகளில் குவாரிக்கு அருகிலுள்ள ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். 100 மீட்டர் வழக்கமான ஜல்லி, அதைத் தொட்டு 100 மீட்டர் கழிவுக் கல் ஜல்லி. ஒரே சிமெண்ட், ஒரே மேஸ்திரி, ஒரே வாரம். எந்தக் குவாரி, என்ன கல், அடர்த்தி எவ்வளவு, மோதல் மதிப்பு எவ்வளவு, பீம் எத்தனையில் உடைந்தது என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். கிராம சபையில் மக்களுக்கும் விளக்குங்கள், "எங்கள் தெருவுக்குக் கழிவைப் போட்டுவிட்டார்கள்" என்று அவர்கள் பின்னால் மனம் நோகக் கூடாது. இரண்டு மழைக்காலம் போகட்டும். பிறகு அந்த 200 மீட்டரையும் நடந்து, வெடிப்புகளை அளந்து, முடிவு எதுவானாலும் மறைக்காமல் பக்கத்து ஒன்றியத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
கட்டுமானப் பொருள் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்த உங்கள் மூத்த தோழன்